தலைமையகத்தின் காற்றும் வலவைக் கரையின் மணல் ஈயும்

பெல்மதுளைச் சந்தியிலிருந்து தெற்கு நோக்கி இறங்கும் நெடுஞ்சாலை கதிர்காம யாத்திரிகர்களுக்கு நன்கு பழக்கமானது. பயணத்தின் தொடக்கத்தில் இரு மருங்கிலும் இரப்பர் மரங்களும் தேயிலைச் சரிவுகளும் மழையீரம் காயாத மலைகளும் தென்படும். சிறிது தூரம் சென்றதும் மலைகள் பின்வாங்கி, வானம் அகன்று, காற்றில் வெப்பம் ஏறத் தொடங்கும். எம்பிலிப்பிட்டியவை அடைகையில் வாய்க்கால்களும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் முட்பற்றைக் காடுகளுமாக வேறொரு நாட்டுக்குள் வந்துவிட்ட உணர்வு ஏற்படும். நிர்வாக வரைபடத்தின்படி அது சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்த நகரம். மண்ணையும் மழையையும் கொண்டு நோக்கினால் அது உலர் வலயத்தின் பிள்ளையே ஆகும்.

அந்நகரின் இன்றைய தோற்றத்துக்கு அடிப்படையாக அமைந்தது வலவை கங்கைத் திட்டமாகும். 1960களில் உடவளவை நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, அதன் வாய்க்கால்களின் ஓரமாக ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் குடியேறின. தொடக்கத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபையின் பொறுப்பில் இருந்த இத்திட்டம், 1982ஆம் ஆண்டில் மகாவலி அதிகார சபையிடம் கையளிக்கப்பட்டது. வலவைப் பகுதிக்கான அலுவலகம் எம்பிலிப்பிட்டியவில் அமைந்தது. அதற்கு மேலான தலைமையகம் கொழும்பில் இருந்தது.

அந்தத் தலைமையகக் கட்டடம் எவ்வாறு திட்டமிடப்பட்டது என்பதையும், வலவைக் கரையில் பறக்கும் ஒரு சிறு பூச்சி எவ்வாறு வகைப்படுத்தப்பட்டது என்பதையும் இக்கட்டுரையில் ஒருங்கே நோக்க விழைகிறோம். இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற விடயங்களாகத் தோன்றக்கூடும். ஆயினும் ஒன்றில் காட்டப்பட்ட அக்கறை மற்றொன்றில் காட்டப்படாமையின் விளைவை ஏழை விவசாயியின் தோலில் காண முடிகிறது என்பதே எமது கருத்தாகும்.

காற்றை அறிந்து கட்டப்பட்ட கட்டடம்

கொழும்பு டி.பி. ஜாயா மாவத்தையில், ஹைட் பார்க் மூலையருகே பன்னிரண்டு மாடிகளைக் கொண்ட ஒரு கட்டடம் நிற்கின்றது. முன்னாளில் இவ்வீதி டார்லி வீதி எனப்பட்டது. ஸாஹிரா கல்லூரியின் அதிபராக நீண்டகாலம் பணியாற்றிய கல்விமானின் பெயர் பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. அரச ஈட்டு வங்கியின் தலைமையகமாக 1976இல் திட்டமிடப்பட்ட இக்கட்டடம் 1978இல் நிறைவு பெற்றது. பின்னர் அது மகாவலி அபிவிருத்திப் பணிகளின் தலைமையகமாக மாறியதால் மகாவலிக் கட்டடம் என்றே பலராலும் அறியப்படலாயிற்று.

இதனை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003). தந்தை வழியில் முஸ்லிம் குடும்பப் பின்னணியைக் கொண்ட இவர், சட்டம் பயின்று பின்னர் கட்டடக் கலைக்கு வந்தவர். இவரது நிறுவனத்தில் பங்காளராகவும் பொறியியலாளராகவும் விளங்கியவர் கலாநிதி கே. பூலோகசுந்தரம் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் உலகெங்கும் நிறுவனத் தலைமையகம் என்றாலே கண்ணாடிப் பெட்டி போன்ற உயர்ந்த கோபுரமே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. 1958இல் நியூயோர்க்கில் திறக்கப்பட்ட சீகிராம் நிறுவனத்தின் 38 மாடிக் கட்டடம் அவ்வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகும். குளிர் நாட்டில் பிறந்த அவ்வடிவத்தை வெப்ப நாட்டில் அப்படியே நட்டால், கண்ணாடியூடாக உட்புகும் வெயிலை வெளியேற்ற நாள் முழுவதும் குளிரூட்டி இயங்க வேண்டியிருக்கும். கட்டடத்தின் பிழைக்கு மின்சாரக் கட்டணம் செலுத்துவதற்கு ஒப்பானது அது.

பாவாவின் குழுவினர் வேறு வழியில் சிந்தித்தனர். எத்திசையிலிருந்து வெயில் கடுமையாக விழும், எத்திசையிலிருந்து காற்று வீசும், மழைச்சாரலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவது எங்ஙனம் என்ற வினாக்களை முதலில் எழுப்பினர். ஒடுங்கிய நிலத்துக்கேற்ப ஒடுங்கிய வடிவில், வெயிலுக்கு ஒதுங்கியும் காற்றுக்கு முகங்கொடுத்தும் கட்டடம் எழுந்தது. இயற்கை வெளிச்சமும் காற்றோட்டமும் பயன்படும் வகையில் உயர்ந்த அலுவலகக் கட்டடம் ஒன்றை வெப்ப வலயத்தில் அமைக்க முடியும் என்பதற்கு அது இன்றும் சான்றாகக் கூறப்படுகிறது. உள்ளே இருக்கப் போகும் எழுதுவினைஞரின் உடல் நலனைக் கருத்திற் கொண்டு வெளியே உள்ள சூழலைக் கூர்ந்து கற்றதே அதன் சிறப்பாகும்.

அதே திட்டத்தின் மறுமுனையில், வாய்க்கால் ஓரத்து விவசாயியின் வீட்டுக்கு இத்தகைய வினாக்கள் எழுப்பப்பட்டனவா? காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் கைக்குக் கிடைத்த களிமண்ணையும் தடியையும் ஓலையையும் கொண்டு சுவரெழுப்பியது. வசதி வந்தபோது செங்கல்லால் கட்டியது. பூசுவதற்குப் பணம் போதாமல் அதனை அப்படியே விட்டது. களவுக்கும் காட்டு விலங்குக்கும் அஞ்சி மாட்டை வீட்டின் அருகிலேயே கட்டியது. சுவரில் வெடிப்பு, முற்றத்தில் சாணமும் ஈரமண்ணும், வேலிக்கு அப்பால் பற்றைக்காடும் புற்றும். இத்தகைய சூழலை மிகவும் விரும்பும் உயிர் ஒன்று உண்டு. அதுவே மணல் ஈயாகும்.

மணல் ஈ என்பது யாது?

பெயரைக் கேட்டதும் கடற்கரை மணலில் மொய்க்கும் ஈயெனச் சிலர் எண்ணக்கூடும். அது தவறாகும். மணலின் நிறத்தைக் கொண்டிருப்பதால் இதற்கு இப்பெயர் வந்தது என்பர். இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் நீளமே உடையது. நுளம்பின் மூன்றிலொரு பங்கு எனலாம். உடலெங்கும் மயிர் நிறைந்தது. அமர்ந்திருக்கும்போது இறகுகளைப் படியவைக்காமல் மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். நுளம்பைப் போல ரீங்காரம் செய்வதில்லை என்பதால் வந்ததும் தெரியாது, கடித்துச் சென்றதும் தெரியாது. பெண் ஈ மாத்திரமே இரத்தம் குடிக்கும். அந்தி தொடக்கம் விடியல் வரை அதன் நடமாட்டம் அதிகம்.

நுளம்பு நீரில் முட்டையிடும். மணல் ஈயோ நீரில் முட்டையிடுவதில்லை. இலைச்சருகும் சாணமும் மக்கிய ஈரமண், மாட்டுத் தொழுவத்தின் தரை, சுவர் வெடிப்பு, கறையான் புற்று ஆகியவற்றில் அதன் குடம்பிகள் வளர்கின்றன. ஆகவே சிரட்டையையும் டயரையும் அகற்றி டெங்கு நுளம்பை ஒழிக்கும் முயற்சி இதற்கு ஒருபோதும் பயன்படாது. சாதாரண நுளம்பு வலையின் கண்ணூடாகவும் இது நுழைந்துவிடும்.

இதற்குப் பெரிய பலவீனமும் ஒன்று உண்டு. இது வல்லமையுடன் பறக்கக்கூடிய பூச்சியன்று. தத்தித் தத்தியே செல்லும். செக்கனுக்கு ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமான காற்று வீசினாலே பறப்பதற்குத் தயங்கி ஒதுங்கிவிடும். கொழும்பில் எழுதுவினைஞரின் வியர்வையை உலர்த்தவென அழைக்கப்பட்ட காற்று, வலவைக் கரையில் நோயையே தடுக்கவல்லது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

வலியற்ற புண்

மணல் ஈ கடிப்பதால் பரவும் நோய் லீஷ்மேனியாசிஸ் எனப்படுகிறது. அதற்குக் காரணமான ஒட்டுண்ணியை 1903ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே விவரித்தனர். ஒருவர் பிரித்தானிய இராணுவ வைத்தியரான லீஷ்மன், மற்றவர் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டொனவன். இருவரது பெயரும் இணைந்து லீஷ்மேனியா டொனவனி என்ற பெயர் உருவாயிற்று. இந்தியாவின் பீகார், வங்காளப் பகுதிகளில் இவ்வொட்டுண்ணி ஈரலையும் மண்ணீரலையும் தாக்கி, சிகிச்சை பெறாதோரின் உயிரைக் குடிக்கும் காலா அசார் எனும் கருங்காய்ச்சலை உண்டாக்கியது.

மேற்காசியாவில் வேறு வகை ஒட்டுண்ணிகள் தோலைத் தாக்குகின்றன. அலெப்போப் புண், பக்தாத் புண் என நகரங்களின் பெயராலேயே அது அறியப்பட்டது. அலெப்போவில் வைத்தியராக இருந்த அலெக்சாண்டர் ரசல் 1756இல் அதனை நூலில் விவரித்துள்ளார். நம் நாட்டில் முன்னாளில் காணப்பட்ட ஒருசில நோயாளர்களும் மத்திய கிழக்கில் தொழில் புரிந்து திரும்பியவர்களாகவே இருந்தனர்.

அந்நிலை 1992இல் மாறியது. வெளிநாடு செல்லாத ஒருவருக்கு உள்நாட்டிலேயே நோய் தொற்றியமை அம்பாந்தோட்டை மாவட்டத்தில் இருந்து அறிவிக்கப்பட்டது. எம்பிலிப்பிட்டியவைக் கடந்து செல்லும் வலவை கங்கை கடலோடு கலப்பதும் அம்மாவட்டத்திலேயே ஆகும். 2001ஆம் ஆண்டளவில் வடபகுதியில் கடமையாற்றிய படையினரிடையே நோய் பெருகியது. பின்னர் அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் பொதுமக்களிடையே வேரூன்றியது. 2008இல் இது அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் பதிவான நோயாளர் தொகை ஆண்டொன்றுக்கு 3000ஐத் தாண்டியது.

நம் நாட்டில் தோல் நோயை உண்டாக்குவது இந்தியாவில் உயிரைக் குடித்த அதே லீஷ்மேனியா டொனவனி என 2003இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தமை வைத்திய உலகை வியக்க வைத்தது. உள்ளுறுப்பைத் தாக்கிய நோயாளர் இங்கு மிகச் சிலரே. ஆயினும் இனம் ஒன்றாயிருக்கையில் விழிப்புணர்வைக் கைவிடலாகாது.

முகம், கை, கால் போன்ற மூடப்படாத பாகங்களில் சிறு பருவாக இது தோன்றும். வாரங்கள் கழிய அது தடித்து, நடுவில் புண்ணாகும். வலிக்காது, அரிக்காது. இதுவே இதன் சூழ்ச்சியாகும். வலியில்லாப் புண்ணுக்காக ஒருநாள் கூலியை இழந்து வைத்தியசாலைக்குச் செல்ல யார் முன்வருவர்? மாதக்கணக்கில் தாமதித்துத் தழும்பு நிலைத்த பின்னரே பலர் செல்கின்றனர். முகத்தில் தழும்புடன் வாழும் இளம் பெண்ணின் மனவேதனையைப் புள்ளிவிபரங்கள் கூறுவதில்லை. புண்ணுக்குள் ஏற்றப்படும் ஊசி மருந்தாலும், திரவ நைதரசனால் உறையவைக்கும் முறையாலும் இதனைக் குணப்படுத்த முடியும் என்பதை அழுத்திக் கூற விரும்புகிறோம்.

பெயரிடுவதால் ஆவதென்ன?

உலகில் ஏறத்தாழ ஆயிரம் மணல் ஈ இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மனிதருக்கு நோய் பரப்புபவை நூறுக்கும் குறைவு. செர்ஜென்டோமியா என்ற பேரினத்தைச் சேர்ந்த பல ஈக்கள் பல்லி, ஓணான் போன்றவற்றின் இரத்தத்தையே பெரிதும் நாடுகின்றன. பிளெபோடோமஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவையே நம் பகுதியில் அஞ்சத்தக்கவை. ஒரே பொறியில் இரண்டும் விழும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றைப் பிரித்தறியாமல் எண்ணிக்கையை மட்டும் கூறுவது, கள்வரையும் வழிப்போக்கரையும் ஒன்றாக எண்ணுவது போன்றதே.

பிரித்தறியும் பணி பொறுமையைச் சோதிப்பதாகும். ஈயைக் காரத் திரவத்தில் ஊறவைத்துத் தெளிவாக்கி, கண்ணாடித் தகட்டில் பதித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, வாய்க்குழியின் நுண்ணிய பற்கள், தொண்டையின் அமைப்பு, இனப்பெருக்க உறுப்புகளின் வடிவம், உணர்கொம்பில் உள்ள நுண்மயிர்களின் நீளம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும்.

இப்பணியின் பெறுமதியை ஒரு வரலாறு உணர்த்துகிறது. 1908இல் அனண்டேல், புரூனெட்டி ஆகியோர் கல்கத்தாவில் வெள்ளிநிறக் கால்களைக் கொண்ட மணல் ஈ ஒன்றுக்கு பிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் எனப் பெயரிட்டனர். அப்போது அது அருங்காட்சியகத்துக்கான ஒரு பெயர் மட்டுமே. பின்னர் ஜோன் சின்டன் என்ற இராணுவ வைத்தியர் இந்தியாவெங்கும் திரட்டப்பட்ட மணல் ஈக்களை இனம் இனமாகப் பிரித்தார். போர்க்களத்தில் விக்டோரியா சிலுவை பெற்ற இவ்வீரர், வாய்க்குழியின் பற்களை எண்ணுவதிலும் சலியாதவராக இருந்தார். அர்ஜென்டிபெஸ் வாழும் பகுதிகளும் கருங்காய்ச்சல் பரவிய பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதை 1920களின் நடுப்பகுதியில் அவர் சுட்டிக்காட்டினார். பிரிக்காமல் இருந்திருந்தால் அப்பொருத்தம் எவர் கண்ணிலும் பட்டிராது.

ஆயினும் ஈ கடித்து நோய் தொற்றுவதை நிரூபிக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. ஆய்வுகூடத்தில் ஈக்கள் ஒருமுறை இரத்தம் குடித்த பின் இறந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு உலர்ந்த திராட்சையை உணவாக அளித்தால் நெடுநாள் வாழ்வதையும், அவற்றின் உடலில் ஒட்டுண்ணி செழித்துப் பெருகுவதையும் ஸ்மித் என்பவரின் குழுவினர் கண்டனர். அதன் வழியே சுவாமிநாத், ஷோர்ட், அண்டர்சன் ஆகிய மூவரும் 1942இல் தன்னார்வலர்களைக் கொண்டு இறுதிச் சான்றை வெளியிட்டனர்.

சப்ரகமுவ மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் கேகாலை உள்ளிட்ட பகுதிகளைச் சூறையாடிய மலேரியாவால் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை பெய்து அல்ல, மழை பொய்த்தே அந்நோய் வந்தது. ஆறுகள் வற்றித் தேங்கிய வெயில்படும் குட்டைகளில் முட்டையிடும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற ஓர் இனமே அதற்குக் காரணம். எந்த நுளம்பு என்பது தெரிந்தமையால் எந்தக் குட்டையைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. அவ்வழியில் இடைவிடாது சென்ற இலங்கை, 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் பிரகடனப்படுத்தப்பட்டது.

உடன்பிறப்பு இனங்கள்

அர்ஜென்டிபெஸ் என்ற ஒரு பெயருக்குள்ளேயே உருவத்தால் பெரிதும் ஒத்த உடன்பிறப்பு இனங்கள் மறைந்துள்ளன என்பது பின்னாளில் தெரியவந்தது. இலங்கையில் இதன் இரு வடிவங்கள் இருப்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரன் முதலானோர் 2005இல் அறிவித்தனர். இந்திய விலங்கியல் அளவைத் துறையைச் சேர்ந்த இளங்கோ, உணர்கொம்பின் நுண்மயிர் நீளத்தை முக்கிய அளவுகோலாகக் கொண்டு, 2010இல் அர்ஜென்டிபெஸ், அனண்டேலி, கிளௌகஸ் என மூன்று இனங்களாக இக்கூட்டத்தை வகுத்தார். பின்னர் மரபணு ஆய்வுகளும் இதனோடு இணைந்தன. இலங்கையில் நோய் பரப்புவதில் கிளௌகஸுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்ற ஐயத்தை யாழ்ப்பாண ஆய்வாளர்கள் 2013இல் எழுப்பினர்.

ஒரு மயிரின் நீளத்தை அளப்பதால் விவசாயிக்கு என்ன பயன் எனச் சிலர் வினவக்கூடும். ஓர் இனம் மாட்டை நாடும், மற்றோர் இனம் மனிதனை நாடும். ஒன்று வீட்டினுள் சுவரில் தங்கும், மற்றொன்று வெளியே பற்றையில் தங்கும். சுவரில் தங்காத ஈக்காகச் சுவரெங்கும் மருந்து தெளிப்பது பணத்தையும் நஞ்சையும் வீணாக்குவதாகும். மலேரியாவுக்கெனப் பல்லாண்டு தெளிக்கப்பட்ட மருந்துகள் நினைவிருக்கட்டும். நெடுந்தீவு மணல் ஈக்களில் பூச்சிகொல்லிக்கு எதிர்ப்புத் தன்மை உருவாகியிருப்பதும் 2005ஆம் ஆண்டு ஆய்வொன்றில் வெளிப்பட்டது. எதிரி யார் எனத் தெரியாமல் தொடுக்கும் போர் எதிரியை வலுப்படுத்தவே உதவும்.

செய்யத்தக்கவை

தலைமையகத்துக்குக் கேட்கப்பட்ட வினாக்களை இனிக் குடியேற்றவாசியின் வீட்டுக்கும் கேட்க வேண்டும். அரசாங்கமும் பிரதேச சபைகளும் வீடமைப்பு உதவி வழங்கும்போது சுவர் பூசுவதற்கான செலவையும் அதில் உள்ளடக்க வேண்டும். பூசப்பட்ட சுவர் அழகுக்காக மட்டுமன்று. அது நோய்த் தடுப்பு மருந்துக்கு ஒப்பானது. மாட்டுத் தொழுவத்துக்கு வீட்டிலிருந்து விலகிய இடம் வீட்டு வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். எதிரெதிர்ச் சாளரங்கள் காற்றை வரவழைக்கும். காற்று நின்றுவிடும் இரவுக்கு மின்விசிறியும், நெருக்கமான கண்களைக் கொண்ட மருந்து ஊட்டிய வலையும் துணை நிற்கும்.

மலையகத் தோட்டங்களின் லயக் காம்பராக்களில் வாழ்வோருக்கும் இதில் பாடமுண்டு. வெடித்த சுவரும் ஈரத்தரையும் எந்த நோய்க்கும் வரவேற்பு மண்டபமே. கூலி வேலைக்கெனத் தாழ்நில உலர் வலயத்துக்கு இறங்கிச் செல்வோரும், வியாபாரத்துக்காக அங்கு தங்கும் நம்மவர்களும் ஆறாத புண்ணைக் கண்டால் தாமதியாது அரச வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவை நாட வேண்டும். இது பற்றிய அறிவுறுத்தல்கள் தமிழிலும் தவறாது வழங்கப்பட வேண்டும்.

அத்துடன், பூச்சியியல் கற்ற இளைஞர்களுக்கு நிலையான பதவிகளும் நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடமும் வேண்டும். பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினால் பெயர்ப்பலகை கிடைக்கும். ஈயின் உணர்கொம்பை அளப்பவருக்குப் பெயர்ப்பலகை கிடைப்பதில்லை. ஆயினும் அவரது குறிப்பேட்டிலிருந்தே நாளைய சுகாதாரத் திட்டம் பிறக்கிறது.

கொழும்பில் ஒரு கட்டடக் கலைஞர் காற்று எத்திசையில் வீசுகிறது என்று கேட்ட பின்னரே கோடு வரைந்தார். வலவைக் கரையில் சுவரெழுப்பும் விவசாயிக்கும் அக்கேள்வியைக் கேட்டுச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அச்சுவரின் வெடிப்பில் ஒளிந்திருப்பது எந்த ஈ என்பதைச் சொல்லவும் ஒருவர் இருக்க வேண்டும். இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவது பொறுப்பிலுள்ளோரின் கடமையென வலியுறுத்துகிறோம்.